சயனைட் மேட்டில் மீதித் தங்கம்

குப்பம்

அன்புள்ள தனம்,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. விடியுமுன் ரயிலுக்கு ஓடுகிறான். பங்காரப்பேட்டையில் கோலார் தங்கவயல் ஆட்கள் ஏறிவிட்டால் நிற்கக்கூட இடமிருக்காதாம். ஊரில் வேலை இல்லை, எல்லோரும் பெங்களூருக்குத்தான் போய் வருகிறார்கள்.

தங்கவயலைத் திரும்பத் திறக்கிறார்களாமே, நல்லதுதானே என்று கேட்டிருந்தாய். சுரங்கம் திறக்கவில்லை, தனம். பாறையை அரைத்து, சயனைட் கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் மேடு மேடாகக் கொட்டிவைத்த மண்ணில் மிச்சமிருப்பதை எடுக்கப் போகிறார்கள். 13 மேடுகள், 1,000 ஏக்கருக்கு மேல். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

போன ஆடியில் ஆண்டர்சன்பேட்டை அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். காற்று கிளம்பினால் அத்தை முதலில் குடத்தின் மேல் ஈரத்துணி போடுகிறாள், சோற்றுப் பானையை மூடுகிறாள், அப்புறம்தான் மற்ற வேலை. ஜன்னல் கம்பியில் கோலமாவு போல வெளுப்பாகப் படிகிறது. துடைத்தால் விரலில் நெறுநெறுக்கிறது. அந்த மேட்டைக் கிளறுவதற்கு முன்னால் அங்கே குடியிருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

இந்த நாட்டுக்குத் தங்கவயல் கொடுத்தது கொஞ்சமா? 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் மூடும்வரை சுமார் 800 டன் தங்கம். 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்ததே இந்தச் சுரங்கத்துக்காகத்தான். பெங்களூர்த் தெருவிளக்கு 1905-இல், அதற்குப் பிறகுதான் எரிந்தது. 1965-இல் இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் கருவி வைத்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்தார்கள். உலகத்தில் அதை முதலில் பிடித்த இடங்களில் இதுவும் ஒன்று.

என்னால் பொறுக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. சுரங்கம் 1956-இல் மைசூர் அரசிடமும் 1962-இல் மத்திய அரசிடமும் போனது. அந்நியச் செலாவணிக்கு நாடு திண்டாடிய அந்தக் காலத்தில், இங்கே எடுத்த தங்கத்தை வெளிச்சந்தை விலைக்கு விற்கவில்லை. அதைவிடக் குறைந்த சர்வதேச விலைக்கு அரசே எடுத்துக்கொண்டது. கடைசியில் நஷ்டம் என்று சொல்லி மூடினார்கள். பாறையில் தங்கம் குறைந்துபோனது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நாட்டுக்காக மலிவாகக் கொடுத்ததை யார் கணக்கில் எழுதினார்கள்?

உன் தாத்தா மாதிரி சித்தூர், வட ஆற்காடு பக்கத்திலிருந்து போன தமிழர்கள்தான், அதிலும் பெரும்பாலும் தலித் மக்கள்தான், கூண்டில் ஏறி 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஏர்பிளாஸ்ட் வந்தால் பாறை வெடித்துச் சிதறும். அவர்கள்தான் அயோத்திதாசரின் பௌத்தத்தை மாரிக்குப்பத்தில் வேர்விடச் செய்தவர்கள். இத்தனைக்கும் குடியிருந்தது தட்டி வீட்டில்.

நம் ஆந்திரப் பக்கத்துச் சிகுருகுண்டா சுரங்கத்தையும் 2001-இல்தான் மூடினார்கள். அப்பா கடைசிவரை வேலை பார்த்த இடம். பிறகு அது ஏலத்துக்கு வந்து, மத்திய அரசின் சுரங்க நிறுவனமான என்.எம்.டி.சி. எடுத்தது. அதைப் பற்றி விவரமாக இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

இப்போது ஒரு உதவி வேண்டும். அத்தை இருக்கும் லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், எல்லோரும் சேர்ந்து மனு எழுதுகிறார்கள். மேட்டில் கைவைப்பதற்கு முன் லைன் வீடுகளுக்குப் பட்டா தர வேண்டும், சுற்றி இருப்பவர்களுக்கு நுரையீரல் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கேட்கப் போகிறார்கள். உன் பெரியப்பா வீடும் அதே லைன்தானே? தாத்தாவின் சர்வீஸ் சர்டிபிகேட், சம்பளச் சீட்டு எது இருந்தாலும் தேடிப் பார். அசல் வேண்டாம், ஜெராக்ஸ் போதும். வாட்ஸப்பில் அனுப்பினாலும் சரி, ஆனால் சீக்கிரம் அனுப்பு.

அன்புடன்,
ரேவதி