செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிரிஸ்பேனில் நம் வரலாற்று ஆர்வலர் வட்டத்துக்கு இது நான்காவது ஆண்டு. மாதக் கூட்டம் ஒன்பது நடந்தது. மற்ற மூன்றும் ஆள் சேராததால் நின்றுபோயின. பொங்கல் சந்திப்பு வழக்கம்போல் பூங்காவில், மழையோடு. ஆற்றங்கரை நடை ஒருமுறை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் வட்டாரத்தில் இடிக்க விண்ணப்பம் போட்டிருக்கும் பழைய தொழிலாளர் மரவீடுதான் இந்த ஆண்டின் பெரிய வேலை. "செயலாளர் ஒரு குடிசையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்" என்ற பேச்சு என் காதுக்கும் எட்டியது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முன்னால் இரண்டு அறை, பின்னால் இரண்டு, அதற்கும் பின்னால் சாய்ப்பு இறக்கிய அடுப்படி, தெருப்பக்கம் ஒரு வராந்தா. வீடே அவ்வளவுதான். சுவர் ஒற்றைப் பலகை. பலகையை உள்பக்கம் அடித்து, சட்டங்களை வெளியே தெரியவே விட்டிருக்கிறார்கள். சட்டையைத் தையல் தெரியத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கும். குளிர் கடுமையில்லாத ஊர், இரண்டாவது பலகைக்குக் காசும் இல்லை. கரையான் ஏறாமலிருக்க, வீட்டைத் தாங்கும் ஒவ்வொரு மரக்காலின் தலையிலும் தகரத் தொப்பி. டார்ச்சோடு அடியில் தவழ்ந்து பார்த்தேன். பதினெட்டுக் கால்களில் நான்கில் தொப்பி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. கரையானும் சரியாக அந்த நான்கில்தான் ஏறியிருந்தது. மற்றவை கல் மாதிரி இருக்கின்றன. இதை மாநகராட்சிக்கு எழுதிய கடிதத்தில் மறைக்கவில்லை.

மனை 10 பெர்ச், அதாவது சுமார் 253 சதுர மீட்டர். 16 பெர்ச்சுக்குக் குறைவாக மனை பிரிக்கக் கூடாதென்று குயின்ஸ்லாந்தில் 1885இல் சட்டம் வந்தது. ஆக, மனை அதற்கு முன் பிரித்ததாகத்தான் இருக்கவேண்டும். மனை பழசு என்பதால் வீடும் அதே வயது என்று ஆகாது. கட்டுமுறையையும் சேர்த்துப் பார்த்தே வீடும் அந்தக் காலத்தது என்கிறேன். பிரிஸ்பேனின் நன்டா பகுதியில், மாநில மரபுப் பதிவேட்டில் இருக்கும் 1910ஆம் ஆண்டு வீட்டோடு சிலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக் கடனில் எழுந்த முதல் தொழிலாளர் வீடு. நம்முடையது அப்படியொரு கடன் கிடைக்காத காலத்தது.

பழைய வீடுகளின் சாயலைக் காக்க மாநகராட்சி குறித்திருக்கும் பகுதிக்குள் உள்ள 1946ஆம் ஆண்டு வரையிலான வீட்டை அனுமதியின்றி இடிக்க முடியாது. ஆனால் தெருவின் அந்தப் பகுதியில் பழைய சாயலே மிஞ்சவில்லை என்று காட்டிவிட்டால் அனுமதி கிடைக்கலாம். விண்ணப்பக்காரர் பிடித்திருப்பது இதைத்தான். அக்கம்பக்கத்து வீடுகளை இடித்ததே இதையும் இடிக்கக் காரணமாகிறது! என் கடிதத்தில் நான்கு பக்கம் இதற்கே போனது. முடிவு இன்னும் வரவில்லை.

வீட்டைக் காக்கக் கையெழுத்துக் கேட்டு 34 பேருக்கு எழுதினேன். போட்டவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் என் மனைவி. "கூலிக்காரன் வீட்டில் என்ன மரபு?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். காரைக்குடியிலிருந்து தேக்குத் தூண் இரண்டை விலைக்கு வாங்கி, கப்பலில் வரவழைத்து, வரவேற்பறையில் நிறுத்தியிருப்பவரும் அவரே. செட்டியார் வீட்டுத் தூண் மரபு என்றால் இந்தப் பலகை வெறும் விறகா? அவர் அன்று பதில் சொல்லவில்லை. அப்புறம் கூட்டத்துக்கும் வரவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, சிறு தொகை கையிருப்பு, விவரம் பொருளாளரிடம். ஆண்டுச் சந்தா 20 டாலர், 19 பேர் பாக்கி. அதில் இருவர் செயற்குழுவில் இருக்கிறார்கள். நகல், பெட்ரோல் செலவு என் கையிலிருந்து போனது; கேட்பதற்காக அல்ல, பதிவுக்காகச் சொல்கிறேன்.

இடம் தந்த நூலகத்துக்கும், தேநீர் கவனித்த சகோதரிகளுக்கும், கணக்கைப் பார்த்துக்கொண்ட பொருளாளர் ஐயாவுக்கும், வீட்டுக்கு அடியில் தவழ அனுமதித்த குடித்தனக்காரருக்கும் நன்றி.

நான்கு காலை மாற்றினால் வீடு நிற்கும் என்று பொறியாளர் ஒருவர் எழுதிக்கொடுத்தால் நம் கடிதத்துக்குக் கனம் கூடும். அதற்குப் பணம் வேண்டும். பாக்கி 380 டாலர் வந்தால் ஒரு தொடக்கமாகும். அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை யாராவது ஏற்க முன்வந்தால் கோப்புகளை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். சென்ற ஆண்டும் இதையே எழுதியிருந்தேன். ரசீதுப் புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன்.

— செயலாளர்