80ஜி வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில நாட்களுக்கு முன் உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர், "எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ ஓர் அறக்கட்டளை தொடங்கியிருக்கிறோம். நன்கொடைக்கு 80ஜி வரிச்சலுகை வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாலைநேர வகுப்பு நடத்தும் சிறிய அறக்கட்டளை ஒன்றுக்கு நான் பொருளாளர். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் கணக்கு வழக்கெல்லாம் என் தலையில் விழுந்தது. அவருக்குச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு. அரசிடம் கேட்கவும் ஒன்று உண்டு.

1961 வருமான வரிச் சட்டத்தில் 12ஏபி பிரிவின் பதிவு வேறு, 80ஜி பிரிவின் அனுமதி வேறு. அறக்கட்டளைக்கு வரும் பணத்துக்கு வரி கட்டாமல் இருக்க 12ஏபி. நமக்குப் பணம் கொடுப்பவருக்கு அவருடைய வரியில் சலுகை கிடைக்க 80ஜி. முதலாவது அவசியம் வேண்டும். இரண்டாவது வேண்டுமா என்பது உங்களுக்குக் கொடுப்பவர்கள் யார் என்பதைப் பொறுத்தது.

"ஐயாயிரம் கொடுத்தா பாதி திரும்ப வந்துடுமா சார்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். வராது. ஐயாயிரத்தில் பாதியை, அதாவது 2,500 ரூபாயை, வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ் வரியும் சேர்த்து 520 ரூபாய் மிச்சமாகும். 5 சதவீத வரம்பில் இருப்பவருக்கு, தள்ளுபடி போக வரியே இல்லை என்பதால், ஒன்றும் மிச்சமாகாது. அந்த 520 ரூபாயும் பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான். புதிய வரிமுறையில் 80ஜி கழிவே கிடையாது. 2023-24 முதல், நாமாக வேண்டாம் என்று சொல்லாவிட்டால் புதிய முறைதான். 2025-26 முதல் அதில் 12 லட்சம் வரை சம்பாதிப்பவர்களுக்கு வரியே இல்லை. எங்களுக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் ஓய்வூதியக்காரர்களும் வெளியூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்களும்தான். அவர்களில் பலருக்கு எங்கள் 80ஜி சான்றிதழால் பத்து பைசா பிரயோஜனம் இல்லை. சான்றிதழ் கேட்காமலே கொடுக்கிறார்கள், அது வேறு விஷயம்.

பின்னே ஏன் வாங்கினோம்? பழைய முறையில் வரி கட்டும் மருத்துவர் ஒருவரும் அரிசி ஆலைக்காரர் ஒருவரும் இருக்கிறார்கள். அதைவிட, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்கிச் செலவழிக்க வேண்டுமானால் 12ஏபியும் 80ஜியும் கையில் இருக்க வேண்டும். இப்படி யாரும் உங்களுக்கு இல்லையென்றால், ஐயா, 80ஜிக்கு அவசரப்படாதீர்கள்.

வாங்குவதென்று முடிவு செய்தால் முதலில் அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். குறிப்பிட்ட ஒரு மதத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டும் என்று இருந்தால் 80ஜி கிடைக்காது (பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கானவை இந்தக் கணக்கில் வராது). மதக் காரியங்களுக்கு ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் செலவழிக்கவும் கூடாது. ஆயுத பூசைச் சுண்டலை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் ஆடிட்டரிடம் கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை. அடுத்து, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. தை அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கத்தில் ஒரு மூட்டை நெல்லைக் கொண்டுவந்து திண்ணையில் இறக்குவார்கள். அந்த மனசுக்கு வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை. சிங்கப்பூரில் இருக்கும் பையன்கள் பணம் அனுப்புகிறேன் என்றால், இந்தியக் குடியுரிமை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. அதற்குத் தனிச் சட்டம், தனி அனுமதி.

உண்மையான வேலை 80ஜி கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. 2021-22இல் வந்த நன்கொடை தொடங்கி, முந்தைய நிதியாண்டில் கொடுத்தவர்களின் பெயர், முகவரி, பான் அல்லது ஆதார் எண், தொகை எல்லாவற்றையும் 10பிடி படிவத்தில் மே 31க்குள் ஏற்ற வேண்டும். அதிலிருந்து வரும் 10பிஇ சான்றிதழை ஒவ்வொருவருக்கும் அதே தேதிக்குள் அனுப்ப வேண்டும். நாம் கிழித்துக் கொடுக்கும் ரசீது மட்டும் இனிச் செல்லாது. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய். தாக்கலே செய்யாவிட்டால் அபராதம் குறைந்தது 10,000, அதிகபட்சம் ஒரு லட்சம். ஐந்நூறு ரூபாய் கொடுக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் பான் எண் கேட்டால், "எதுக்குப்பா அதெல்லாம், என் பேரையே எழுத வேண்டாம்" என்கிறார். பேர் எழுதாமல் வாங்கினால் அது அநாமதேய நன்கொடை, அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இந்தக் கெடுபிடி வந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். கமிஷன் வாங்கிக்கொண்டு ரசீது விற்ற அறக்கட்டளைகள் இருந்தன. கொடுப்பவரின் கணக்கும் வாங்குபவரின் கணக்கும் கணினியில் ஒத்துப்போக வேண்டும் என்பது நியாயம்தான். நான் காசாளர், கணக்கு நேராக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

என் குறை புதுப்பித்தலில்தான். 2009 அக்டோபருக்குப் பிறகு 80ஜி அனுமதிக்குக் காலக்கெடு இல்லாமல் இருந்தது. 2020 நிதிச் சட்டம் அதை மாற்றி, எல்லாரையும் மறுபதிவு செய்யச் சொல்லி ஐந்தாண்டுக் கெடு வைத்தது. அப்படி 2021இல் பதிந்தவர்களின் கெடு 2026 மார்ச் 31 வரைதான். ஆறு மாதம் முன்பே, 2025 செப்டம்பர் 30க்குள், 10ஏபி படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் அந்த மாதம் கல்யாண வீட்டுக் கூட்டம். தவறவிட்டால் சும்மா போகாது: 12ஏபி பதிவைப் புதுப்பிக்காத அறக்கட்டளையின் சேர்ந்த சொத்து மதிப்புக்கே உச்ச விகிதத்தில் வரி கேட்க 2023 திருத்தம் வழி செய்திருக்கிறது. ஒரு கொட்டகையும் நாற்பது பெஞ்சும் வைத்திருக்கிற எங்களுக்கும் அதே சட்டம்தான்.

2025 நிதிச் சட்டத்தில் ஒரு நல்லது செய்தார்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வருமானம் 5 கோடிக்கு மேல் போகாத சிறிய அறக்கட்டளைகள் 12ஏபியைப் புதுப்பித்தால் பத்தாண்டு செல்லும். ஆனால் 80ஜிக்கு அதே ஐந்தாண்டுதான். அறக்கட்டளை ஒன்று, பத்திரம் ஒன்று, கணக்கு ஒன்று, பார்க்கும் அதிகாரியும் ஒருவர். ஒன்றுக்குப் பத்து, இன்னொன்றுக்கு ஐந்து. இடையில் 80ஜிக்காக மட்டும் மூன்றாண்டுக் கணக்கு, செயல்பாட்டு அறிக்கை என்று எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆடிட்டருக்கு உண்டே.

இங்கே நான் சொன்ன பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961 சட்டத்தில் உள்ளவை; 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் நிதி மசோதா வருகிறது. டெல்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் யாராவது எழுந்து, 12ஏபிக்குக் கொடுத்த பத்தாண்டை சிறிய அறக்கட்டளைகளின் 80ஜிக்கும் கொடுங்கள் என்று ஒரே ஒரு திருத்தம் கேட்கட்டும். அரசுக்கு இதில் ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. 10பிடி படிவம் வருடா வருடம் அவர்களிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
மன்னார்குடி