அரசு ஊழியர் சங்க வட்டக் கிளைச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வாயிற்கூட்டங்கள், பழைய ஓய்வூதியம் கேட்டு நடத்திய ஆர்ப்பாட்டங்கள், மாறுதல் தொடர்பாகக் கொடுத்த மனுக்கள் எல்லாம் இந்த ஆண்டும் நடந்தன. தேதிவாரி விவரம் இணைப்பில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போவது, சென்ற பேரவையில் நீங்கள் ஒப்படைத்த கிளை வரலாறு தொகுக்கும் வேலையைப் பற்றிப் பேசத்தான்.

ஓய்வுபெற்ற நம் முன்னாள் செயலாளர் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகள் இறங்கின. தீர்மானப் புத்தகங்கள், சந்தா ரசீதுக் கட்டுகள், சைக்ளோஸ்டைல் நோட்டீஸ்கள். குண்டூசி துருப்பிடித்த இடங்களில் தாள் ஓட்டையாகியிருக்கிறது. மற்றபடி எழுத்து தெளிவாகவே இருக்கிறது.

புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “நம்முடையது பதிவு பெற்ற தொழிற்சங்கமா?” என்று. இல்லை. 1926-ம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தில் பதிவு கேட்டு, அன்றைய என்.ஜி.ஓ. யூனியன், அதாவது அரசிதழ்ப் பதிவு பெறாத அலுவலர்களின் சங்கம், வழக்கு நடத்தியது. அரசுப் பணியாளர்கள் அந்தச் சட்டம் சொல்லும் தொழிலாளர்கள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அப்படியானால் சங்கமே கூடாதா? அதுவும் இல்லை. அரசு அங்கீகரிக்காத சங்கத்தில் ஊழியர் சேரக் கூடாது என்றிருந்த மத்திய அரசின் நடத்தை விதியை, 1962-ல் ஜோசப் என்ற ஊழியர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சங்கம் வைப்பது அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தந்த உரிமை. ஆனால் தொழிற்சங்கங்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு நமக்குக் கிடையாது. கட்சிச் சார்பும் நம் கிளைக்குக் கிடையாது. அப்புறம் நமக்கு என்ன இருக்கிறது என்றால், உறுப்பினர் கையால் தரும் சந்தா இருக்கிறது. மேசை மேசையாகப் போய் சந்தா வாங்குவதைச் சிலர் சிரமம் என்கிறார்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சில்தான் சங்கம் உயிரோடு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி 2003-ம் ஆண்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். ஓய்வூதியப் பயன்கள் உள்ளிட்டவை பறிக்கப்பட்டதை எதிர்த்து ஜூலை 2 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்ற தீர்மானமும், அதன் கீழே கையெழுத்துகளும் இருக்கின்றன. அடுத்த இரண்டு பக்கங்கள் வெற்று. அதற்கடுத்த பக்கம் செப்டம்பரில், வேறு கையெழுத்தில் தொடங்குகிறது. இடையில் நடந்தது தமிழ்நாட்டுக்கே தெரியும். ஜூலை 4-ல் அவசரச் சட்டம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், ஆசிரியர்கள் டிஸ்மிஸ். ஆகஸ்ட் 6-ல் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ இல்லை என்றது. நிபந்தனையற்ற மன்னிப்பும், வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் நடத்தை விதி 22-க்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழியும் எழுதித் தந்தவர்கள் பணிக்குத் திரும்பினார்கள். கைதாகியிருந்த 2,200 பேருக்கு அந்தக் கதவும் அப்போது திறக்கவில்லை.

அந்த வெற்றுப் பக்கங்களுக்கு நடுவே நான்காக மடித்த கார்பன் நகல் ஒன்று இருந்தது. நம் கிளையின் தட்டச்சர் அக்கா ஒருவர் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம். தேதி போட்டிருக்கும் இடத்தில் மட்டும் பேனா இரண்டு முறை அழுத்தி ஓடியிருக்கிறது.

இதைத் தொகுப்பில் சேர்க்கலாமா என்று செயற்குழுவில் இரண்டு கூட்டம் வாதம் நடந்தது. சங்கத்துக்குக் கௌரவக் குறைச்சல் என்று சிலர் மனப்பூர்வமாகவே சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் கண்முன் நிற்க, வேறு வழியின்றிப் போட்ட கையெழுத்து அது. போட்டவர்களில் பெரும்பாலோர் மறுமாதமே சந்தா கட்டியிருக்கிறார்கள். ரசீதின் அடிக்கட்டையில் பெயர் பெயராக இருக்கிறது.

கடைசியில் முன்னாள் செயலாளர் அண்ணனிடமே போய்க் கேட்டேன். அந்தப் பக்கங்களை, அவர் சிறையிலிருந்து வந்து எழுதட்டும் என்றுதான் பொருளாளர் விட்டுவைத்திருக்கிறார். அவரால் எழுத முடியவில்லையாம். “எழுதுங்க தம்பி. ஆனா கையெழுத்துப் போட்டவங்க யாரையும் குறைச்சு எழுதிடாதீங்க” என்றார். அக்காவும் பெயரில்லாமல் சேர்க்கச் சம்மதித்துவிட்டார். கடிதம் தொகுப்பில் இடம்பெறும்.

2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்து, பழைய ஓய்வூதியம் இல்லாமல், ஓய்வூதியத்துக்கென மாதாமாதம் 10 சதவீதப் பிடித்தத்தோடு சம்பளம் வாங்கும் தோழர்கள்தான் இன்று கிளையில் அதிகம். அன்று நின்றவர்களோ ஒவ்வொருவராக ஓய்வுபெறுகிறார்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். பேரவை முடியும் வரை அந்தப் புத்தகம் இந்த மேசை மேல் திறந்தே இருக்கும். அன்று பணியில் இருந்தவர்கள் அந்த இரண்டு பக்கங்களில் நாலு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். பேனா பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

தோழமையுடன்,
வட்டச் செயலாளர்