குஞ்சு விற்கும்போதே வளர்ந்த அளவையும் சொல்லுங்கள்

சென்னை கொளத்தூர் வண்ண மீன் வியாபாரிகளுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் கடைத்தெருவில் நெரிசலுக்கு நடுவே மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்களில் நானும் ஒருவன்.

நான்கு வருடத்துக்கு முன் வேறோர் ஊரில் ரெட் டெயில் கெளுத்திக் குஞ்சு ஒன்று வாங்கினேன். விரல் நீளம்தான். வெள்ளை வயிறு, ஆரஞ்சு வால், உடம்புக்குப் பொருந்தாத நீள மீசை. எவ்வளவு பெரிதாகும் என்று கேட்டதற்கு, "தொட்டிக்குத் தக்கபடிதான் சார் வளரும்" என்றார் கடைக்காரர்.

வருடம் திரும்புவதற்குள் ஒன்றரை அடி. நாலடித் தொட்டியில் திரும்பும்போதெல்லாம் வால் கண்ணாடியில் மடங்கும். ஒருநாள் காலையில் கூட இருந்த ஆஸ்கர் மீனைக் காணோம். கெளுத்தியின் வயிறு பந்து மாதிரி இருந்தது. அப்புறம் தெர்மாமீட்டரையும் விழுங்கி, ராத்திரியில் கக்கி வைத்தது.

அமேசான் ஆற்று மீன் அது. நாலடிக்கு மேல், நாற்பது கிலோவுக்கு மேல் போகும். தொட்டி சின்னதென்று அது வளராமல் இருக்காது. கழிவு சேர்ந்து, அம்மோனியா ஏறி, முதுகு வளைந்து குன்றிப்போகும். அதைத்தான் 'அளவாக வளர்கிறது' என்கிறோம்.

வைத்துக்கொள்ள முடியாதவர்கள் ஏரியில் விடுகிறார்கள், அதில் புண்ணியம் வேறு தேடிக்கொண்டு. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அரபைமா என்ற ராட்சத அமேசான் மீன் வலையில் விழுந்தது. 2023-இல் காஷ்மீர் தால் ஏரியில் அலிகேட்டர் கார், அதாவது நம் கடைகளின் 'முதலை மீன்', கிடைத்தது. காற்றையே சுவாசிக்கக்கூடியது, சாக்கடைத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது தொட்டி எது, தெரு எது என்று யாருக்குத் தெரிந்தது?

தப்பு உங்கள் மேல் மட்டும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்ளத்தான் நானும் வாங்கினேன். ஆனாலும் விலை எழுதும் இடத்திலேயே வளர்ந்த அளவையும் அடிக்கணக்கில் எழுதிவிடுங்கள். மூணடித் தொட்டிக்காரர் கேட்டால் தரமாட்டேன் என்று சொல்லுங்கள். திருப்பிக் கொண்டுவருகிறவரிடம் காசு தராவிட்டாலும் சரி, மீனை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த நிறுத்தம் ஏரிதான்.

என் கெளுத்தி இப்போது தெரிந்தவர் பண்ணையில், சிமெண்ட் தொட்டியில் இருக்கிறது. கொண்டுபோக ஒரு குட்டியானை வண்டி, தண்ணீர் டிரம், இரண்டு ஆள் வேண்டியிருந்தது. வாங்கி வந்த அன்று, பாலிதீன் பையில் போட்டு ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளன்