விலை எழுதிய நோட்டு

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிய ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் நீ பங்கு வாங்கியிருக்கும் அந்த மின்கல நிறுவனத்துக்கே போய்விட்டது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நன்றாக இருக்கிறேன் அம்மா, பங்கு நான்கு சதவீதம் ஏறியிருக்கிறது" என்றாய், ஒரே மூச்சில். அப்போது சிரித்துவிட்டேன். இரவில் படுத்த பிறகுதான் உறைத்தது: இதே பதிலை, ஏறக்குறைய இதே சொற்களில், என் அம்மாவுக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

விற்றுவிடு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை. அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். நீ அனுப்பிய ஆண்டறிக்கையைப் படித்து முடித்துவிட்டேன், பின்பகுதியில் பொடி எழுத்தில் வரும் குறிப்புகள் உட்பட. பிறர் கணக்கைத் தணிக்கை செய்தே காலம் தள்ளியவளுக்குக் கண் முதலில் போவது அங்கேதான். படம் போட்ட பக்கங்களைக் கடைசியில் பார்த்தேன். நன்றாக எடுத்திருக்கிறார்கள்.

உன் நிறுவனத்தின் சரக்கு பொய்யில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வனேடியம் என்ற உலோகத்தின் கரைசலில் மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலத்தை 1980களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் என்ற பெண்மணியின் குழு உருவாக்கியது. இரண்டு தொட்டிகளிலும் ஒரே உலோகம், வெவ்வேறு மின்னேற்ற நிலைகளில். நடுவில் உள்ள சவ்வைத் தாண்டிக் கொஞ்சம் கலந்துவிட்டாலும் நிரந்தரமாகக் கெட்டுப்போவதில்லை. கரைசல் தீப்பிடிப்பதில்லை. அதிக நேரத்துக்குச் சேமிக்க வேண்டுமானால் தொட்டியைப் பெரிதாக்கினால் போதும். 2022இல் சீனாவின் தாலியன் நகரில் 100 மெகாவாட் திறனில், 400 மெகாவாட்-மணி கொள்ளும் நிலையமே இயங்கத் தொடங்கியது. எனக்கு வேதியியல் வராது. ஆனாலும் இரண்டு பக்கமும் ஒரே உலோகத்தை வைத்துக் கசிவையே பொருட்படுத்தாமல் செய்த அந்த யோசனையின் அழகு எனக்குக்கூடப் புரிகிறது. மனம் அங்கே போகாவிட்டால்தான் ஆச்சரியம்.

என் மனம் போனது எரிபொருளை எரிக்காமலே மின்சாரமாக மாற்றும் எரிபொருள் மின்கலம் செய்த ஒரு சிறு நிறுவனத்திடம். பெயர் வேண்டாம். உனக்கு அப்போது ஏழு வயது. நான் எழுதிக்கொண்டிருந்த நீள நோட்டு உனக்கு நினைவிருக்கலாம். அதன் கடைசிப் பக்கத்தில் நீ ஒரு யானை வரைந்ததற்காகத் திட்டினேன். அதில் ஒவ்வொரு நாளும் சந்தை முடியும்போது இருந்த விலையை எழுதிவைத்தேன். ஏறினால் நீல மை, இறங்கினால் சிவப்பு. ஏழு ஆண்டுகள், ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட எழுந்து எழுதினேன். சிவப்பு வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் வாங்கிச் சராசரி விலையைக் குறைத்தேன். அதைச் சாமர்த்தியம் என்றும் நினைத்தேன்.

தனியாகவும் இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமானவர்கள் நாங்கள் ஒன்பது பேர். ஒருவர் சனிக்கிழமை மாலைகளில் தொழிற்சாலை வாசலுக்குப் போய் உள்ளே போகும் லாரிகளை எண்ணிவிட்டு வருவார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அந்த மின்கலத்துக்குப் பிளாட்டினம் ஏன் தேவை, எவ்வளவு குறைக்க முடியும் என்று எங்களுக்குப் பாடமே எடுப்பார். இன்னொரு பெண்மணி மேலாண்மை இயக்குநரின் பேட்டிகளை எழுத்து பிசகாமல் எழுதிவைத்துக்கொண்டு, போன ஆண்டு "விரைவில்" என்றவர் இந்த ஆண்டு "உரிய நேரத்தில்" என்கிறார் என்று கண்டுபிடித்துச் சொல்வார். இவ்வளவு கூர்மையானவர்கள்! எங்களை நாங்களே இலவு காத்த கிளிகள் என்று கேலி செய்துகொள்வோம். அந்தக் கதையில் கிளியை முட்டாள் என்பார்கள். அது காத்திருந்த மரம் உண்மையான மரம்தான். காயும் சொன்னபடியே முற்றியது. உள்ளே இருந்தது கிளிக்கானதில்லை, அவ்வளவுதான். எங்கள் கேலி எவ்வளவு பொருத்தமானது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

நடந்தது இது. முதல் முறை பணம் போதாமல் போனபோது நிறுவனம் சந்தை விலைக்குச் சற்றுக் குறைவாகப் புதிய பங்குகளை விற்றது. ஏதோ ஒரு பெரிய முதலீட்டு நிதியம் அவற்றை வாங்கியது என்று மகிழ்ந்தோம். இரண்டாம் முறை நல்ல தள்ளுபடி. மூன்றாம் முறை வந்தது மாற்றத்தக்க கடன் பத்திரம். கடன் கொடுத்தவர் பணத்தைத் திரும்பக் கேட்காமல் பங்குகளாக வாங்கிக்கொள்ளலாம். எந்த விலைக்கு? மாற்றும் நாளில் சந்தையில் இருக்கும் விலையைவிட இருபது சதவீதம் குறைவாக, கீழ்வரம்பு கிடையாது. விலை இறங்கினால் அவருக்குக் கிடைக்கும் பங்குகள் கூடும். கிடைத்ததை அவர் விற்பார், விலை இன்னும் இறங்கும், அடுத்த தவணையில் இன்னும் அதிகப் பங்குகள் வரும். அந்த ஒப்பந்தம் வெளியான அன்று நாங்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டோம். வேறொருவர் நிறுவனமாக இருந்து, என் மேசைக்குத் தணிக்கைக்கு வந்திருந்தால் அந்தப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருப்பேன்.

நான் வாங்கியபோது மொத்தப் பங்குகள் நான்கு கோடி. ஏழாம் ஆண்டில் அறுபது கோடி. என் பங்குகள் ஒன்றும் குறையவில்லை; அவற்றுக்குரிய உரிமை பதினைந்தில் ஒன்றாகிவிட்டது. நிறுவனத்தின் மொத்த மதிப்பு இரண்டு மடங்காகியிருந்தாலும் என் கையிலிருந்த பங்கின் விலை ஏழில் ஒன்றுக்கும் கீழேதான் இருந்திருக்கும். இதற்கு நான்காம் வகுப்புக் கணக்குப் போதும். ஏழு ஆண்டுகளாக விலையை எழுதிய அந்த நோட்டில் மொத்தப் பங்கு எத்தனை என்று ஒரே ஒரு நாள்கூட எழுதியதில்லை.

பிறகு இருபது பங்குகளை ஒன்றாக்கினார்கள்; என் கையில் இருந்தவையும் இருபதில் ஒன்றாயின. மறுநாள் அப்பா பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "உன் பங்கு இருபது மடங்கு ஏறிவிட்டதே!" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இன்றும் அந்த இயந்திரங்கள் செல்பேசிக் கோபுரங்களின் அடியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கடன் கொடுத்தவர்கள் நிறுவனத்தை எடுத்துக்கொண்டு பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். ஆசிரியர் சொன்னபடியே பிளாட்டினத்தின் அளவும் குறைந்தது. எங்கள் கணிப்பில் தொழில்நுட்பம் பற்றியது எதுவும் தவறவில்லை.

என் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதே. எரிபொருள் மின்கலம் செய்யும் அமெரிக்க நிறுவனமான பிளக் பவரை எடுத்துக்கொள். 1999இல் 15 டாலருக்குச் சந்தைக்கு வந்தது; சில மாதங்களில், 2000 தொடக்கத்தில், 150 டாலரைத் தொட்டது. 2011இல் பத்துப் பங்குகளை ஒன்றாக்கியது. அந்த ஆண்டு முடிவில் 3 கோடிக்கும் குறைவாக இருந்த பங்குகள் 2024 முடிவில் 80 கோடிக்கும் மேல். அதன் மின்கலங்கள் பெரிய பெரிய கிடங்குகளில் சரக்குத் தூக்கும் வண்டிகளை ஓட்டுகின்றன, அதில் பொய்யில்லை. 2000இல் வாங்கி விடாப்பிடியாக வைத்திருந்தவர் நிலையை நீயே கணக்குப் போட்டுப் பார். எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்: காற்றாலை செய்யும் வெஸ்டாஸ் 2008இலிருந்து 2012க்குள் பத்தில் ஒன்பது பங்கு மதிப்பை இழந்தது, பிறகு பழைய உச்சத்தையும் தாண்டியது. ஆனால் அது வீழ்ந்த காலத்திலும் உலகின் முன்னணித் தயாரிப்பாளர். உன்னுடையது அப்படியில்லை.

இனி உன் நிறுவனம். போட்டிதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. எவர்கிரீன் சோலார் என்று ஒன்று இருந்தது. குறைந்த சிலிக்கனில் சூரியத் தகடு செய்வதே அதன் திறமை. 2008இல் சிலிக்கன் கிலோ 400 டாலரைத் தாண்டியபோது அந்தத் திறமை தங்கம். அடுத்த சில ஆண்டுகளில் சிலிக்கன் விலை சரிந்தது. 2011 ஆகஸ்டில் நிறுவனம் திவாலானது. அது செய்த தகடு மோசமாகிவிடவில்லை. அது மிச்சப்படுத்திய பொருள் மலிவாகிவிட்டது. இப்போது லித்தியம் மின்கலத் தொகுப்பைப் பார். 2010இல் ஒரு கிலோவாட்-மணிக்கு 1,000 டாலருக்கும் மேல். 2024இல் 115 டாலர். உன்னுடையது நீண்ட காலம் உழைக்கும், சரி. லித்தியம் இவ்வளவு மலிவான பிறகு, நீண்ட உழைப்புக்காக முன்கூட்டியே அதிகம் கொடுப்பவர் எத்தனை பேர்? உன் நிறுவனத்தின் மூலப்பொருளான வனேடியமோ 2018 நவம்பரில் உச்சத்துக்கு ஏறி அடுத்த ஆண்டே பாதிக்கும் கீழே விழுந்த உலோகம். அப்படி ஆடும் ஒன்றை வைத்து ஐந்தாண்டு விலைப்புள்ளி கொடுப்பது எப்படி என்று அறிக்கையில் தேடினேன். ஒரு பத்தி இருக்கிறது, வழவழவென்று.

ஒன்பது ஒப்பந்தங்கள் என்று நீ பெருமையாகச் சொன்னாய். அவற்றில் ஏழு வெறும் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். கையெழுத்துப் போட்டவர் நாளைக்கு எழுந்து போய்விட்டாலும் ஒரு காசும் தர வேண்டியதில்லை. முன்பணம் வந்திருப்பது ஒன்றுக்கு மட்டும். செய்திக்குறிப்புகளை ஒதுக்கிவிட்டுக் கடந்த நான்கு காலாண்டுகளின் ரொக்க ஓட்ட அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். இப்போதுள்ள கையிருப்பு, இப்போதுள்ள செலவு வேகத்தில், ஐந்து காலாண்டுகளுக்கு வரும். புதிய தொழிற்சாலை அந்தச் செலவில் சேரவில்லை. ஆகவே இன்னொரு முறை பங்கு விற்கப்போகிறார்கள். அது குற்றமில்லை, வளரும் நிறுவனம் வேறென்ன செய்யும்? உன்னைப் போன்ற சிறு பங்குதாரர்களுக்கும் அதே விலையில் உரிமைப் பங்கு தருவார்களா, இல்லை கதவை மூடிக்கொண்டு யாருக்கோ தருவார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். போன முறை கதவை மூடிக்கொண்டுதான் தந்திருக்கிறார்கள், எழுபத்தாறாம் பக்கம்.

அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வெளியில் உள்ளவை பன்னிரண்டு கோடிப் பங்குகள் என்றாயே, ஊழியர்களுக்கு வாக்களித்தவை, கடனுக்கு ஈடாக மாறக்கூடியவை, பிறகு வாங்கும் உரிமையாகக் கொடுத்தவை எல்லாம் சேர்த்தால் பத்தொன்பது கோடி. நீயும் உன் நண்பர்களும் போட்ட கணக்கெல்லாம் பன்னிரண்டை வைத்து.

அந்த நண்பர்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஒரு சொல்லைத் தவிர. "நாம் அடுத்த ஆண்டு உற்பத்தியை இரட்டிப்பாக்குகிறோம்" என்றாய். நாமா? நிர்வாகம் மேடையில் சொல்வது நாங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் காதில்தான் அது நாம் என்று விழுகிறது. எங்கள் ஒன்பது பேரில் ஒருவர் ஐந்தாம் ஆண்டில் விற்றுவிட்டார். காரணத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்காட்டினார்: நான்கு கோடி, பதினொன்று, இருபத்தாறு. நாங்கள் தாளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தோம். அதன் பிறகு அவரை எந்தச் சந்திப்புக்கும் அழைக்கவில்லை. என் தொழிலில் எனக்குத் தெரிந்த நல்ல தணிக்கையாளர்களில் ஒருவர் அவர். அவரைத்தான் நான் துரோகி என்றேன். உங்கள் கூட்டத்தில் யாராவது அண்மையில் விற்றிருந்தால் ஒரு முறை அவரோடு பேசு. நீ விற்பதற்காக அல்ல, அவர் எந்தப் பக்கத்தைப் படித்தார் என்று தெரிந்துகொள்ள.

நீ போட்ட பணம் முழுதும் போனாலும் உன் வாடகையும் மருத்துவச் செலவும் நிற்காது என்று சொன்னாய். அதை நம்புகிறேன். அப்படியானால் வைத்துக்கொள்வதும் விடுவதும் உன் விருப்பம்.

நோட்டை இந்தக் கடிதத்தோடு தபாலில் அனுப்புகிறேன். பணம் எல்லாம் போன பிறகு ஒரு மாதம் உட்கார்ந்து, பழைய அறிக்கைகளைத் தேடியெடுத்து, ஒவ்வொரு காலாண்டின் மொத்தப் பங்கு எண்ணிக்கையையும் விலைக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்காதே. கடைசியில் நாற்பது பக்கம் வெறுமையாக இருக்கிறது, யானையைத் தவிர. அப்பாவிடம் நோட்டைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த இருபது மடங்கை நான் இன்னும் திருத்தவில்லை.

தொட்டிகளுக்கு நடுவிலுள்ள அந்தச் சவ்வு எத்தனை ஆண்டு உழைக்கும் என்று அறிக்கையில் இல்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

அன்புடன்,
அம்மா