புதுப் பிஸ்டலில் தோட்டா ஏறவில்லை: கடைசியாக எழுதும் புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சுபேதார்,
தண்டையார்பேட்டை, சென்னை – 600081.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: .32 போர் (குழல் அளவு) பிஸ்டல், தோட்டா சேம்பருக்குள் (குழலின் பின்பக்கத் தோட்டா அறைக்குள்) ஏறாமல் சிக்குவது, மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். போனில் பேசித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுத்தில் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒருவர் எடுத்து, “உங்க பிரச்சினை என்ன சார்?” என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். பில், லைசன்ஸ் நகல், சீரியல் நம்பர் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. மாடலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை, செய்தவர்கள் நீங்கள்.

மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் கூட்டில், எட்டு ரவுண்டும் போட்டு ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பாகத்தை) இழுத்துவிட்டால், மேல் தோட்டாவின் மூக்கு கீழே குத்தி ரேம்ப்பில், அதாவது தோட்டாவைச் சேம்பருக்கு ஏற்றிவிடும் சரிவில், முட்டி நிற்கிறது. ஸ்லைடும் பாதியில் நின்றுவிடுகிறது. மேகசினை உருவி, சேம்பரைப் பார்த்து, சிக்கியதை எடுத்தால் மூக்கில் ஒரு கீறல். அந்த ரேம்ப்பை டார்ச் அடித்துப் பார்த்தேன். மெஷின் கோடுகள் குறுக்கே வரிவரியாக அப்படியே இருக்கின்றன, அவற்றின் மேல் செம்பு தேய்ந்த தடம். பல் குத்தும் குச்சியை வைத்து இழுத்தால் தடுக்கித் தடுக்கி வருகிறது. பெட்டியில் போட்டு மூடும் முன் உங்கள் ஆட்களில் ஒருவராவது அதைக் கண்ணால் பார்த்தாரா?

நீங்கள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தாயிற்று. கம்பெனி கிரீஸைத் துடைத்துவிட்டு லேசாக எண்ணெய் போட்டேன். தோட்டா சரியில்லை என்றீர்கள். உள்நாட்டுத் தோட்டா, வெளிநாட்டுத் தோட்டா இரண்டிலும் பார்த்தேன், இரண்டும் முழு உறை போட்ட உருண்டை மூக்குதான். அதே டப்பாவிலிருந்து எடுத்த ரவுண்டுகள் நண்பரின் பழைய பிஸ்டலில் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடின. அப்புறம் கை தளர்வாகப் பிடிக்கிறேன் என்றார் ஒருவர். சர்வீஸில் 9 எம்எம் பிஸ்டல் பிடித்த கை சார் இது. சரி, அதை விடுங்கள். முதல் ரவுண்டு, சுடுவதற்கு முன்பே, கையால் ஸ்லைடை விடும்போதே சிக்குகிறது. அதில் பிடி எங்கே வந்தது?

ரிம் லாக் என்றும் ஒரு கதை. .32 தோட்டாவுக்கு அடிப்பக்க விளிம்பு கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும், மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போனால் பூட்டிக்கொள்ளும். எனக்கும் தெரியும். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றாக அடுக்குகிறேன். ஆனால் நீங்கள் கொடுத்த இரண்டு மேகசினில் ஒன்றில் எப்போதும் சிக்குகிறது, மற்றதில் எப்போதாவது. வெர்னியர் வைத்து அளந்தால் இரண்டின் வாய் அகலமும் ஒன்றாக இல்லை. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

“அப்ப ஆறு மட்டும் போட்டு யூஸ் பண்ணுங்க” என்று உங்கள் டீலர் தீர்ப்பு சொன்னார். ஷேர் ஆட்டோவை முழு விலைக்கு விற்றுவிட்டு, பின் சீட்டில் ஆள் ஏற்றாதே என்பது போல இருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த டீலர் கவுன்டரில் இருந்த பையனை மட்டும் மன்னிக்க முடியாது. நான் கோளாறைச் சொல்லச் சொல்ல மொபைலைப் பார்த்துக்கொண்டே கேட்கிறான்: “எதுக்கு சார் சுட்டுப் பாக்குறீங்க? எல்லாரும் வாங்கி பீரோவுலதான வெக்கிறாங்க.” லட்சத்துக்கு மேல் பணம் கட்டி, வேப்பேரி கமிஷனர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து லைசன்ஸ் வாங்கியது பீரோவில் வைத்துப் பூஜை செய்யவா? மண்ணடி இரும்புக் கடை ஒன்றின் வசூல் பணத்தோடு ராத்திரி நேரத்தில் வருகிறவன் நான். வழியில் எவனாவது மறித்தால், “இருப்பா, ரவுண்டு சிக்கிடுச்சு, எடுத்துட்டு வரேன்” என்று சொல்ல வேண்டுமா?

அதே கடைக்கு என்ஜினியர் வருகிறார் என்று நீங்களேதான் நாள் குறித்துக் கூப்பிட்டீர்கள். பூட்டிய பெட்டியில் பிஸ்டலை வைத்து, லைசன்ஸை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கன்டெய்னர் லாரி வரிசையில் ஆட்டோ நகரவே இல்லை. வெயிலில் போய்ச் சேர்ந்தால் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. என்ஜினியர் பெங்களூரில் இருக்கிறாராம். ஒரு போன் பண்ண ஆளில்லையா? அந்தப் பையன் அன்றைக்கும் இருந்தான். “வெச்சிட்டுப் போங்க” என்றான், ரசீது கேட்டால் சிரிக்கிறான். துப்பாக்கியை ரசீது இல்லாமல் வைத்துவிட்டு வர அது என்ன குடையா?

இன்னொரு புத்திசாலி கூரியரில் அனுப்பச் சொன்னார். ஆயுதச் சட்டம் 1959 என்று ஒன்று இருப்பதை ஆயுதம் விற்கிற கம்பெனிக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் அந்த ரேம்ப்பைப் பத்து நிமிஷத்தில் வழவழப்பாக்கிவிடுவார். லைசன்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுது பார்ப்பது குற்றம் என்பதால் அங்கே போகவில்லை. நான் சட்டப்படி நடக்கிறேன், அதற்குத்தான் இந்தத் தண்டனை.

இப்போது வாரன்டி முடிந்துவிட்டது என்கிறீர்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று நடத்தை விதி அறிவித்தார்கள். லைசன்ஸ்தாரர்கள் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தேன். ஜூனில் எண்ணிக்கை முடிந்த பிறகுதான் திரும்பக் கைக்கு வந்தது. போலீஸ் ஸ்டேஷன் அலமாரியில் கிடந்த நாட்களையும் வாரன்டியில் கழிப்பது எந்த ஊர் நியாயம்? அதற்கு முன்பே புகார் கொடுத்திருக்கிறேன், புகார் எண்ணை உங்கள் கம்ப்யூட்டரில் தேடிப் பாருங்கள்.

இதனால் என் பிரஷர் ஏறி, தூக்கம் போய், வேலையே போகும் நிலை வந்துவிட்டது. லைசன்ஸில் எழுதிய கணக்குக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. “நூறு ரவுண்டு சுட்டா பழகிடும்” என்று நீங்கள் சொன்னதை நம்பி அதில் பெரும்பகுதியை வீணாக்கிவிட்டேன். ரேஞ்சில் என் பேரன் வயசுப் பையன்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கிறேன். ராணுவத்தில் இத்தனை வருஷம் சம்பாதித்த மானத்தை உங்கள் ஒரு மேகசின் வாங்கிவிட்டது. ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்டாலும் தகும்.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள், எனக்குச் சண்டை போட ஆசையில்லை. புதுப் பிஸ்டல் கொடுங்கள், அல்லது ரேம்ப்பையும் மேகசின்களையும் மாற்றி, என் கண் முன்னால் எட்டு ரவுண்டும் ஏறுவதைச் சுட்டுக் காட்டுங்கள். சீரியல் நம்பர் மாறினால் லைசன்ஸில் பதிய வேண்டிய தாள்களையும் நீங்களே தர வேண்டும். இரண்டும் முடியாது என்றால் பணத்தைத் திருப்புங்கள்.

பதினைந்து நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்வதோடு நிற்கமாட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். ஐந்து லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நீங்கள்தான் வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏறி சென்னைக்கு வர வேண்டியிருக்கும். வரும்போது அந்த கவுன்டர் பையனையும் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: பில் நகல், ரேம்ப்பின் படங்கள், இரண்டு மேகசின்களின் அளவுகள்.

பி.கு.: இந்தக் கடிதம் கிடைத்ததும் ‘எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார்’ என்று மறுபடி மெசேஜ் அனுப்ப வேண்டாம்.