‘வ’ போய் ‘சு’ வந்த கதை

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருமணத்திற்குப் பிறகும் அப்பாவின் தலைப்பெழுத்தையே வைத்துக்கொள்ளப் போவதாக உன் மகள் சொன்னதும் சம்பந்தி வீட்டில் முகம் சுளித்தார்கள் என்று எழுதியிருந்தாய். கல்லூரிப் பதிவேட்டில் ‘வ’ என்றிருந்த நான் 1984இல் ‘சு’ ஆனபோது என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அதைப் படித்தபோதுதான் உறைத்தது. குடும்ப அட்டைக்கு மாமனார் எழுதிக் கொடுத்தார், அதுவே நிலைத்துவிட்டது.

அதன் பலனைப் பணி ஓய்வின்போது அனுபவித்தேன். சான்றிதழ்களிலும் பணிப்பதிவேட்டிலும் ‘வ’, ஆதாரிலும் பான் அட்டையிலும் ‘சு’. இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, அரசிதழிலும் வெளியிட்ட பிறகே என் ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்தது. பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதைச் சம்பந்தியிடம் பக்குவமாகச் சொல். கணவரின் கையெழுத்து இல்லாமலே மனைவி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நம் சென்னை உயர் நீதிமன்றமே 2025 ஜூனில் சொல்லியிருக்கிறது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்த நாடு இது. பட்டத்தை விட்டவர்களுக்கு ஒற்றை எழுத்தை விட்டுக்கொடுப்பதுதான் கடினமாக இருக்கிறது போலும்.

ஆனால் நீ கடைசி வரியில் போகிற போக்கில் கேட்ட கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இருவர் சம்பளத்தையும் மாப்பிள்ளையின் கணக்கிலேயே போடச் சொல்கிறார்களாமே, வேண்டாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் செய்ததும் அதுதான். என் கணவர் ஒரு காசு வீணாக்கியவர் அல்லர் என்பது உனக்கே தெரியும். ஆயினும் மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் நெஞ்சுவலியால் மருத்துவமனையில் கிடந்தபோது, எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்றுகூட அறியாதவளாய், ஏடிஎம் அட்டையின் ரகசிய எண்ணை அவர் படுக்கையருகே குனிந்து காதோடு கேட்டுக்கொண்டு ஓடினேன். இத்தனை ஆண்டு சம்பாதித்தவள் என்ற பெருமையெல்லாம் அந்த வரிசையில் நின்றபோது கரைந்துவிட்டது.

என் மகளும் மருமகனும் வைத்திருக்கும் ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அவரவர்க்குத் தனிக் கணக்கு உண்டு. வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்காக ஒரு கூட்டுக் கணக்கும் உண்டு. அதில் இருவரும் சமமாகப் போடாமல், சம்பள விகிதப்படி போடுகிறார்கள். இருவரில் ஒருவரோ எஞ்சியிருப்பவரோ இயக்கலாம் என்ற முறையில் திறந்திருப்பதால், எங்களுக்கு நேர்ந்த திண்டாட்டம் அவர்களுக்கு நேராது. வரி மிச்சமாகும் என்று மருமகன் தன் பணத்தை அவள் பெயரில் வைப்பாகப் போடப் பார்த்தார். மனைவிக்குக் கொடுக்கும் பரிசுக்கு வரி இல்லைதான், ஆனால் அதில் வரும் வட்டி கணவரின் வருமானத்தோடே சேரும் என்று கணக்காளர் சொன்னதும் விட்டுவிட்டார்.

வீடு வாங்கினால் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். கணவரின் வருமானத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் நம் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் திருமணம் ஆன மாத்திரத்தில் சொத்து பொதுவாகிவிடும் என்ற சட்டம் நம் மாநிலத்தில் இல்லை. வழக்காடி வாங்குவதைவிடப் பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிடுவது மேல். நியமனதாரர் என்று பெயர் போட்டுவிட்டதோடும் நின்றுவிடாதே. அவர் வங்கியிடம் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடமாட்டார்.

என் கணவர் இப்போது நலம். கணக்குகளையெல்லாம் தம் கையால் ஒரு நோட்டில் எழுதி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார், ஏன் அங்கே என்று கேட்காதே. பத்திரிகை வைக்கச் சென்னைக்கு வரும்போது மகளையும் அழைத்து வா. அந்த நோட்டைக் காட்டுகிறேன்.

அன்புடன்,
வ.